டம்ளர் தண்ணீரும் எண்பது அடிப் பாலமும்

"சிவில் படிச்சிட்டு மிலிட்டரிக்குப் போனா, படிச்ச படிப்பு வீணாப் போயிடாதா?"

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இறுதியாண்டு படிக்கிற பெண்கள் கேட்கிறார்கள். அவர்களைவிட அதிகக் கவலையோடு அவர்களுடைய அப்பாக்கள் கேட்கிறார்கள். நான் 2010 அக்டோபரில் பயிற்சிக்குச் சேர்ந்து, 2011 செப்டம்பரில் லெப்டினன்ட் ஆகி, பத்து வருடம் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்துவிட்டு, 2021-இல் மேஜராக வெளியே வந்தவள். இப்போது பாலங்களை ஆய்வு செய்து, எது தாங்கும், எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று சொல்கிற வேலையில் இருக்கிறேன். படித்த படிப்பு வீணாகவில்லை. உண்மையைச் சொன்னால், படித்தது எனக்குப் பிடிபட்டதே அங்கே போன பிறகுதான்.

கல்லூரி முடித்ததும் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் ஒன்றரை வருடம் இருந்தேன். நல்ல மனிதர்கள், நேரத்துக்குச் சம்பளம். தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் கம்பி அட்டவணை போடுவேன். காலையில் ஒரு கட்டடம், மதியம் இன்னொன்று. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் கணக்குப் போட்ட ஒரு தூணைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. கோப்பு மின்னஞ்சலில் போகும், திருத்தம் மின்னஞ்சலில் வரும். அது எழும்பியதா, யார் அதில் குடியிருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. அந்த வேலையை மனசார விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத்தான் கை பரபரத்தது.

அப்போது பார்த்ததுதான் ராணுவத்தின் குறுகிய காலப் பணி, தொழில்நுட்பப் பிரிவு விளம்பரம். பொறியியல் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. மதிப்பெண்ணை வைத்து நேரடியாகத் தேர்வு வாரியத்துக்கு, அதாவது எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி பட்டாளம்?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியில் வைக்க இரண்டு சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். அதுதான் சம்மதம்.

எஸ்.எஸ்.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அது. மொத்தம் ஐந்து நாள். முதல் நாளே ஒரு வடிகட்டல் உண்டு. பெரும்பாலோர் அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தங்கியவர்களுக்கு உளவியல் தேர்வுகள், குழுப் பணிகள், நேர்முகம், கடைசி நாளில் எல்லா அதிகாரிகளும் ஒன்றாக உட்காரும் மாநாடு. நான் இரண்டு முறை போனேன். முதல் முறை ஐந்து நாளும் தாக்குப்பிடித்தேன். கடைசியில் எண்களை வாசித்தபோது என் எண் வரவில்லை.

எங்கே தவறினேன் என்று பல நாள் யோசித்தேன். குழுப் பணியில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுத்து, சிவப்பு அடித்த இடத்தைத் தொடாமல் எல்லோரும் ஒரு பாரத்தோடு கடந்துபோக வேண்டும் என்பார்கள். சிவில் படித்தவளுக்கு இது அல்வா. பார்த்தவுடனேயே எந்த முனையில் கட்டையைக் கட்டி, எத்தனை அடி நீட்டலாம் என்று மண்டையில் ஓடிவிட்டது. அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் கயிற்றை வேறு மாதிரி கட்டலாம் என்றாள். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை நான். இரண்டாவது முறை போனபோது வேறொருத்தி, உயரம் குறைந்த அமைதியான பெண், "கட்டையைத் திருப்பிப் போட்டா கனம் நம்ம பக்கம் இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னாள். அது என் யோசனையைவிடச் சுலபமானது. "இவங்க சொல்றதைச் செய்வோம்" என்று சொல்லிவிட்டுப் பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அந்த முறை என் எண்ணை வாசித்தார்கள். அதனால்தான் தேர்வானேன் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் பத்து வருடம் பாலம் போட்ட இடத்தில் எல்லாம் எனக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது பெண்ணிடம் நான் காட்டிய காதுதான்.

பயிற்சி மையங்களில் மனப்பாடம் செய்த பதில்களோடு போகிறவர்கள் நேர்முகத்தில் திணறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டை உங்கள் பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பழகுங்கள். அது போதும்.

சென்னைப் பரங்கிமலையில், அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி. அதைப் பற்றி எழுதினால் தனிக்கதை ஆகிவிடும். சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே ஓட ஆரம்பியுங்கள், முதுகில் சுமையோடு நடக்கப் பழகுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கால் முட்டி போனால் எந்த மூளையும் காப்பாற்றாது.

அப்புறம் புனே, தபோடியில் இருக்கும் ராணுவப் பொறியியல் கல்லூரி. இளம் அதிகாரிகளுக்கான பயிற்சி அங்கேதான். முதல் வாரத்திலேயே பெய்லி பாலத்தின் ஒரு பேனலைத் தூக்கச் சொன்னார்கள். பெய்லி பாலம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்தது. ஒரு பேனல் பத்து அடி நீளம், ஐந்து அடி உயரம், கிட்டத்தட்ட 260 கிலோ. ஆறு பேர் தூக்கலாம். கிரேன் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பேனலோடு பேனலைப் பின் போட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். இரண்டாம் ஆண்டில் ட்ரஸ், அதாவது சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த அமைப்பு, அதன் கணக்கு என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறேன். எந்த உறுப்பில் இழுவிசை, எந்த உறுப்பில் அழுத்தம் என்று அம்புக்குறி போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த ட்ரஸ்ஸின் ஒரு பகுதி என் தோளை அழுத்தியபோதுதான், 'ஓ, இதுதானா அது' என்று இருந்தது.

அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். பேனல்களை இணைக்கும் பின்னின் நுனியில் ஒரு துளை இருக்கும். பின் கழன்று வராமல் அந்தத் துளையில் கிளிப் மாட்ட வேண்டும். இருட்டில், மழையில், துளை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? பின்னின் தலையில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். துளை எந்தத் திசையோ, கோடும் அதே திசை. விரலால் தடவினால் போதும். யாரோ ஒருவர், எங்கோ நள்ளிரவில் கைவிறைத்து நிற்கப்போகும் ஒரு சிப்பாயை நினைத்து அந்தக் கோட்டை வெட்டியிருக்கிறார். வடிவமைப்பு என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால் நான் அந்தக் கோட்டைத்தான் சொல்வேன்.

சரி, டம்ளர் கதைக்கு வருகிறேன்.

2013, மழைக்காலம், அருணாச்சலப் பிரதேசத்தின் ஒரு பள்ளத்தாக்கு. ஓடையில் வெள்ளம் வந்து பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கிராமமும், அதற்கு மேலே எங்கள் ஆட்கள் இருக்கும் காவல் நிலைகளும். அரிசியும் மண்ணெண்ணெயும் போக வேறு வழி இல்லை. எண்பது அடிப் பாலம் போட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசைப் பேனல், பத்து அடிக்கு ஒரு கண்ணியாக எட்டு கண்ணி, ஆக 32 பேனல்கள், முன்னால் நீட்டும் மூக்குப் பகுதி தனி. நான் லெப்டினன்ட். என் முதல் தனிப் பொறுப்பு.

பெய்லி பாலத்தை ஆற்றுக்குள் நின்று கட்ட மாட்டார்கள். நம் கரையிலேயே உருளைகள் மேல் கட்டி, கட்டியதைத் தள்ளுவார்கள். எடை குறைந்த மூக்கு முதலில் ஓடைக்கு மேலே அந்தரத்தில் போகும். பின்பக்கம் கனம் அதிகமாக இருப்பதால் கவிழாது. மூக்கு எதிர்க்கரையைத் தொடுகிற வரை மொத்தப் பாரமும் நம் கரை ஓரத்து உருளைகள் மேல்தான். அதனால் அந்த உருளைகளுக்குக் கீழே மரக்கட்டைகளை அடுக்கிப் பாரத்தை மண்ணில் பரப்ப வேண்டும். எத்தனை கட்டை, எத்தனை அடுக்கு என்பது மண் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்தது. பழைய கள ஆய்வு அறிக்கையில் மண்ணின் தாங்குதிறன் எண் இருந்தது. அதை எடுத்து, பாதுகாப்புக்குக் கொஞ்சம் குறைத்து, கணக்குப் போட்டு, ஒரு அடுக்கு போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மதியம் மூன்று மணி இருக்கும். மூன்று கண்ணி கட்டி முடித்திருந்தோம். எங்கள் சுபேதார், இருபத்துச் சொச்சம் வருடம் பாலம் போட்டவர், தேநீர் குடித்த ஸ்டீல் டம்ளரை ஓடையில் அலம்பி, விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, கரையோர உருளையின் கீழ்க் கட்டை மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க வந்து பாருங்க."

குனிந்தேன். தண்ணீர் ஓடைப் பக்க விளிம்பைத் தொட்டு நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு விரல்நக அளவுக்கு டம்ளரின் உட்சுவர் தெரிந்தது.

"காலையில வைக்கும்போது ரசமட்டத்துல சரியா இருந்துச்சே சாப்" என்றேன்.

"காலையில சரியாத்தான் இருந்துச்சு மேடம். நானும் பாத்தேன். அந்த அறிக்கை எந்த மாசம் எழுதினது?"

போய்ப் பார்த்தேன். பிப்ரவரி. மண் காய்ந்து கல் மாதிரி கிடக்கும் மாதம். நான் நின்றுகொண்டிருந்தது ஜூலை மாத வண்டலில். தாள் தப்புச் சொல்லவில்லை. அது வேறொரு மண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தது.

கட்டியதைப் பின்னால் இழுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளை எடுத்து, சேறு போகிற வரை தோண்டி, கல்லும் சரளையும் நிரப்பித் திம்ஸுக் கட்டையால் இடித்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு போட்டோம். ஐந்து மணி நேரம் போனது. எதிர்க்கரையில் கிராமத்து ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். அன்று இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மூக்கு மெல்ல மெல்ல இருட்டுக்குள் நீண்டு போனதும், எதிர்க்கரை உருளையில் 'டொக்' என்று உட்கார்ந்த சத்தமும், அதன் பிறகு இரண்டு கரையிலிருந்தும் எழுந்த கூச்சலும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அலுவலகத்தில் ஒன்றரை வருடம் நான் தேடிக்கொண்டிருந்தது அந்தச் சத்தத்தைத்தான் போல.

எங்கள் கமாண்டிங் ஆபீசர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாலம் முடிந்ததும் முதலில் ஏறும் லாரியில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், கணக்குப் போட்டவர் உட்கார வேண்டும். மறுநாள் காலை நான் உட்கார்ந்தேன். லாரி நடுப்பாலத்துக்கு வந்தபோது பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஓட்டுநர் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் முகத்தை வைத்துத்தான் அவனுக்குத் தைரியம். கல்லூரியில் 'பாதுகாப்புக் காரணி' என்று ஒரு எண் வரும். 1.5 என்றோ 2 என்றோ பெருக்கிவிட்டுப் போவோம். அந்த எண்ணுக்குள் ஒரு ஆளின் முகம் இருக்கிறது என்று அந்தக் காலையில்தான் தெரிந்தது.

ஐந்து மணி நேரத் தாமதத்துக்குக் கமாண்டிங் ஆபீசர் என்னைத் திட்டவில்லை. "நீ நம்பின எண் எந்த இடத்தில், எந்த நாளில், யார் கையால் எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் எந்த அறிக்கை என் மேசைக்கு வந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன்.

இளம் பொறியாளர்களுக்கு ராணுவம் தருவதில் பெரியது இதுதான் என்பது என் கருத்து. இருபத்தாறு வயதில், வெளியே இருந்தால் யாராவது ஒரு சீனியர் சரிபார்க்கும் தாளைப் போட்டுக்கொண்டிருப்பேன். அங்கே இடத்தைப் பார்ப்பதும் நான், கணக்குப் போடுவதும் நான், கட்டுவதும் என் ஆட்கள், அதன் மேல் போகப்போவதும் என் ஆட்கள். ஒரு வேலையின் தலை முதல் கால் வரை ஒரே ஆள் கையில் வருவது இந்தத் தொழிலில் அபூர்வம். கூடவே, டிகிரி இல்லாத ஆனால் டம்ளரோடு வருகிற ஒரு சுபேதாரும் கிடைக்கிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் ஆறு மாதம் அவரிடம் கேள்வி கேளுங்கள். தோளில் இருக்கும் நட்சத்திரம் அதைத் தடுக்கக் கூடாது. கேட்டதால் மரியாதை குறைந்ததாக நான் பார்த்ததே இல்லை.

அடுத்துக் கொஞ்ச காலம் லடாக். பதினாலாயிரம் அடியில் ஒரு முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை. சமவெளியில் குழாய் போடுவது பஞ்சாயத்து அளவு வேலை. அங்கே குளிர் மைனஸ் 25-க்குப் போகும். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் போல விரியும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஆனாலும் முதல் குளிர்காலத்தில் ஒரு வால்வுத் தொட்டியில் மண் மூடாக்குப் போதாமல் விட்டுவிட்டேன். காலையில் வார்ப்பிரும்பு வால்வு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நீளவாக்கில் பிளந்து கிடந்தது. நாலு நாள் ஜவான்கள் பனியை உருக்கிக் குடித்தார்கள். அவர்கள் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தூங்கவிடவில்லை. அதன் பிறகு குழாயை உறைமண்ணுக்குக் கீழே இறக்கி, எங்கும் தண்ணீர் தேங்காதபடி சரிவு கொடுத்து, இரவெல்லாம் மெல்லியதாக ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தோம். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது.

கான்கிரீட்டும் அப்படித்தான். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சிமென்ட் இறுகும் வேகம் விழுந்துவிடும். தண்ணீரையும் ஜல்லியையும் சூடாக்கிக் கலந்து, போட்டதும் வைக்கோலும் தார்ப்பாயும் போர்த்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சாப்பர் பையன், அதாவது எங்கள் பொறியாளர் படைச் சிப்பாய், வெப்பமானியோடு போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. ஜெனரேட்டரும் உயரத்தில் இளைக்கும். டர்போ இல்லாத இன்ஜின், ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்று சதவீதம் சக்தி இழக்கும். பதினாலாயிரம் அடியில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் காணாமல் போயிருக்கும். மனிதர்களுக்கும் கணக்கு உண்டு: லே வந்து இறங்கியதும் ஆறு நாள் உடல் பழக வேண்டும், இன்னும் மேலே போக மறுபடி நாலு நாள். எனவே வேலை அட்டவணையில் நுரையீரலுக்கும் ஒரு வரி எழுதக் கற்றுக்கொண்டேன். எல்லைச் சாலை அமைப்பு உம்லிங் லாவில் 19,024 அடியில் சாலை போட்டது என்று செய்தியில் படிக்கும்போது, எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தார் கலவையைச் சூடு ஆறாமல் கொண்டுபோனவர்கள்தான்.

எல்லா வருடமும் இப்படி இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். நடுவில் மூன்று வருடம் கட்டடப் பராமரிப்புப் பணி. ஒழுகும் கூரை, அடைத்த சாக்கடை, ஒப்பந்ததாரர் பில், வேலை அளவுகளைப் பதியும் எம் புக். காலையில் போனால் கையெழுத்து, மாலையில் கையெழுத்து. பாலத்தை விட்டு வந்த துக்கத்தில் முதல் ஆறு மாதம் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தேன். ஆனால் வெளியே வந்து வேலை தேடியபோது நேர்முகத்தில் என்னை உட்கார வைத்துப் பேசியது அந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான். டெண்டர் எப்படிப் போடுவது, அளவை எப்படிச் சரிபார்ப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியில் சண்டை வரும் என்பது தெரிந்தவர் அவர்களுக்கு வேண்டும். பெய்லி பாலம் அவர்களுக்கு வேண்டியதில்லை.

இன்னொன்று. மேலே போகப் போகப் பொறியியல் குறைந்து, ஆட்களை நடத்துவதும் திட்டமிடுவதும் கூடும். அது ராணுவத்தின் இயல்பு. அதை நேசிக்கிறவர்கள் சிறந்த தளபதிகள் ஆகிறார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று, பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவரை எங்களைப் போன்றவர்களுக்கு அதிகபட்சம் 14 வருடம்தான். அன்று மெஸ்ஸில் நாங்கள் மூன்று பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் கதவு திறந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அதன் வழியே போக வேண்டாம் என்று நான் முடிவெடுத்தேன். எனக்குக் கணக்கும் மண்ணும் வேண்டியிருந்தது. மற்ற இருவரும் தங்கினார்கள். மூவருமே சரியாகத்தான் முடிவெடுத்தோம்.

போக வேண்டும் என்று மனதில் இருப்பவர்களுக்கு இனி நேரடியாகச் சொல்கிறேன்.

பொறியியல் பட்டதாரிக்குக் குறுகிய காலப் பணி ஒரு வழி. வயது 20 முதல் 27 வரை. முதலில் பத்து வருடம், விரும்பினால் இன்னும் நாலு. ஓய்வூதியம் கிடையாது, இதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கு டேராடூனில் பயிற்சி பெற்று நிரந்தரப் பணியில் சேரும் டி.ஜி.சி. என்ற வழியும் உண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்த பையன்கள் ஜே.இ.இ. மெயின் எழுதியிருந்தால் டி.இ.எஸ். மூலம் நுழையலாம். ராணுவமே படிக்கவைத்துப் பொறியியல் பட்டம் தரும், வீட்டில் காசில்லை என்று இன்ஜினியரிங் கனவை மடித்துவைத்த பையன்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அக்னிவீர் தொழில்நுட்பப் பிரிவுக்கும் பிளஸ் டூ போதும். ஆனால் நாலு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர்தான் தொடர்வார்கள். எனவே சேரும் அன்றே ஐந்தாவது வருடத்தைப் பற்றி யோசித்துவிடுங்கள். அந்த நாலு வருடத்தில் கையில் ஒரு தொழிலைக் கற்று, சான்றிதழோடு வெளியே வாருங்கள்.

எந்தப் படைப்பிரிவு கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. சிவில் படித்தவர் பொறியாளர் படைக்கும், மெக்கானிக்கல் படித்தவர் வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கும், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸுக்கும் போவது வழக்கம் என்றாலும் உத்தரவாதம் இல்லை. பாலம்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றால் யோசித்துப் போங்கள். பல், காது, கண் மூன்றையும் விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சின்னக் குறைகளுக்குச் சரிசெய்துகொண்டு வர அவகாசம் தருவார்கள், இருந்தாலும் அந்த அலைச்சல் வேண்டாம். ஹிந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். எனக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் வந்துவிடும். ஜவானிடம் அவன் அம்மாவைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு வந்தால் போதும்.

உள்ளே இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ரகசியமான எதையும் எழுதக் கூடாது. இடப்பெயர், வரைபடம், படம் எதுவும் வேண்டாம். என்ன வகை வேலை, எவ்வளவு நீளம், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தப்பானது, எப்படிச் சரியானது என்பதை மட்டும். நான் முதல் மூன்று வருடம் எழுதவில்லை, பின்னால் வருந்தினேன். வெளியே வரும்போது 'ட்ரூப் கமாண்டர்' என்றால் யாருக்கும் புரியாது. 'ஐம்பது பேரை வைத்துத் தளப் பொறியாளராக இன்ன வேலையை முடித்தேன்' என்றால் புரியும். வெளியேறும் அதிகாரிகளுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம். போன்ற இடங்களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்பு ஏற்பாடு செய்கிறது. அதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கத் தயாராகுங்கள். பாலத் துறைக்கே வர விரும்பினால் விதிநூல்களை மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். நான் படித்தேன். என்னைவிடப் பத்து வயது சிறியவர்களிடம் மென்பொருள் கற்றுக்கொண்டேன். சுபேதாரிடம் கேட்டுப் பழகியவளுக்கு அது கஷ்டமாக இல்லை.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்தது. சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்குப் போகும் பாலம் அடித்துப்போய்விட்டது. பெங்களூரிலிருந்து மெட்ராஸ் சாப்பர்கள் வந்தார்கள். 1780-இல் தொடங்கிய படை, ராணுவம் முழுக்க 'தம்பிகள்' என்று அழைக்கும் படை. மழையில், இருட்டில், 190 அடி நீளத்துக்கு, 24 டன் தாங்கும் பெய்லி பாலத்தைப் போட்டு ஆகஸ்ட் 1 மாலையில் முடித்தார்கள். மேஜர் சீதா ஷெல்கே பாலத்தின் மேல் நிற்கும் படத்தை அம்மாதான் எனக்கு முதலில் அனுப்பினார். கீழே ஒன்றும் எழுதவில்லை.

அன்று இரவு தொலைக்காட்சியை நிறுத்தாமல் சுபேதாரைக் கூப்பிட்டேன். ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஜெய்ஹிந்த் மேடம். பசங்க தூக்குறதைப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் சாப்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அவர் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தமும் என் வீட்டுச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. பிறகு அவர் கேட்டார்:

"நம்ம பக்கத்துக் கரையில மண்ணு எப்படி இருக்குன்னு எங்கயாவது காட்டுனாங்களா மேடம்?"